உள்ளங்கையளவு கண்ணாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. சில்லு பதித்த சுவர்க்கண்ணாடியை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு பத்திரிகைக்குக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். 'பலகையின் நடுவில் கண்ணாடியை ஒட்டுங்கள். உடைந்த டைல்ஸ் சில்லுகளைச் சுற்றிலும் பதியுங்கள்' என்பதுவரை ஒழுங்காகவே வந்தது. பதிப்பது யார் என்று யோசித்தேன். அங்கே கெட்டது காரியம்.

2

டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவர். ஊரார் குளியலறைகளையெல்லாம் பளபளப்பாக்கியவர். [அவர் வீட்டுத் தரை வெறும் சிமெண்ட். இந்த வரியை அடித்திருக்க வேண்டும், மனசு வரவில்லை.] அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்துவரும் முன்பே, வீட்டிலிருந்த கண்ணாடிகளைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். அவள் தடவித் தடவித் தலை வாரிக்கொண்டாள். ஒருநாள் கண்ணாடி கேட்டாள். முடியாது என்று சொல்ல வாய் வராமல், புதுசாக, அலங்காரமாகச் செய்து தருகிறேன் என்றார். இழுத்தடிக்கலாம் என்ற எண்ணம்தான்.

3

'அவர் அவளை அவ்வளவு நேசித்ததால்' — வேண்டாம்.

'அவருக்கு அந்த முகத்தைப் பார்க்கவே' — இதுவும் வேண்டாம். இரண்டில் எது உண்மை என்று எனக்கே பிடிபடவில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் பலகையைக் கிடத்தி, குறடால் சில்லுகளை நறுக்கி, ஓரத்திலிருந்து வரிசை கட்டினார். நடுவில் ஒட்டிய கண்ணாடியைச் சுற்றிலும் நிரம்பிய பிறகும் கை நிற்கவில்லை. வெற்றிடம் கண்ணில் பட்டால் நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருக்கும் கை அது. சில்லுகள் கண்ணாடிமேல் ஏறின. நீலம், வெள்ளை, மறுபடி நீலம். [வேறு யாராக இருந்தாலும் விளிம்போடு நிறுத்தியிருப்பார்கள்.] நடுவில் உள்ளங்கையளவு மிஞ்சியபோது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"இதுல முகம் எங்கங்க தெரியும்?"

டிசைனே அப்படித்தான் என்று முனகினார். அவளுக்கு இப்போதெல்லாம் பேச்சு குழறித்தான் வரும். இதை மட்டும் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"நான் பாக்கக் கூடாதுன்னு மூடறீங்களா? இல்ல, உங்களால பாக்க முடியலையா?"

அவர் குனிந்து, சில்லுகளின் இடுக்கை அடைக்கும் கிரவுட் பொடியைக் கிண்ணத்தில் கரைக்க ஆரம்பித்தார்.

4

முதல் முடிவு: இடுக்குகளில் அவர் கிரவுட்டைப் பூசிவிடுகிறார். அது இறுகிவிட்டால் ஒரு சில்லைக்கூடப் பெயர்க்க முடியாது.

இரண்டாம் முடிவு: அவளே சில்லுகளைப் பெயர்த்தெடுத்து, தன் முகத்தைப் பார்த்து — இல்லை. அவள் சிரித்தாள் என்று எழுத எனக்குத் துணிச்சல் போதாது.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். கரைத்த கிரவுட் கிண்ணத்தில் இருக்கிறது. பூச்சுக் கரண்டி அவர் பக்கம், குறடு அவள் பக்கம். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. மிஞ்சிய கண்ணாடியில் அவருடைய ஒரு கண் தெரிகிறது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யார் கை முந்துகிறது என்று நீங்களே இருந்து பாருங்கள். என்னால் பார்க்க முடியவில்லை.