மேற்கு ஜன்னல்

“காத்துதான்னு புத்திக்குத் தெரியுதுங்க. காதுக்குத்தான் தெரியல.”

பரணிலிருந்து அரிசி டப்பாவை இறக்கிக்கொண்டே வெற்றிச்செல்வி சொன்னாள். கோகுலகிருஷ்ணன் சிரிப்பை அடக்கியபடி கீழே நின்று வாங்கி வைத்தான். கல்யாணமான இந்த ஒன்றரை மாதத்தில் இது நான்காவது தடவை.

அவள் திருமானூர்க்காரி, கொள்ளிடக் கரையில் வளர்ந்தவள். தூரத்தில் ஓவென்று இரைச்சல் கேட்டால் வெள்ளம் வருகிறது; முதலில் அரிசி மேலே ஏற வேண்டும், பிறகு பாய், பிறகுதான் மனிதர்கள். பச்சைமலைச் சரிவில், லாடபுரத்துக்கு மேலே தனியாக நிற்கும் இந்த வீட்டில் அதே இரைச்சல் மேற்கு ஜன்னல் வழியாக வந்தது. தண்ணீர் மட்டும் வரவேயில்லை. காற்று மலையிலிருந்து இறங்கி, மக்காச்சோளக் காட்டைப் படுக்க வைத்து, உள்ளே புகுந்து, காலண்டரில் மீதமிருக்கும் நாட்களையெல்லாம் ஒரே மூச்சில் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சில மத்தியானங்களில் வீடே கட்டவிழ்ந்து மிதப்பதுபோல் இருக்கும்.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் அவளுடைய அம்மா மலர்க்கொடி சீரோடு வந்து, முறைப்படி மகளை அழைத்துப்போனாள். கிளம்பும்போது, சேலைத் தலைப்பைக் காற்றிடமிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வெற்றிச்செல்வி அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“ஆவணியில திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியலங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. இந்தச் சத்தத்துல குடியிருக்க முடியல.”

பதினைந்து நாள் அந்த வார்த்தையோடு இருந்துபார்த்தான். பிறகு கொத்தனார் ஆண்டவரைக் கூட்டிவந்து, மேற்கு ஜன்னலைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னான். நன்றாக யோசித்துக்கொள் என்று ஆண்டவர் இரண்டு முறை சொன்னார். இவன் கலவை குழைத்தான்.

“பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா ஊருல பூ வாங்கிக் குடுப்பாங்க மாப்ள. நீ மலைக்கே கதவச் சாத்துற.”

சாயங்காலம் வேலை முடிந்தது. ஆண்டவர் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குள் அப்படியோர் அமைதியை அவன் கேட்டதேயில்லை. காலண்டர் அசையாமல் ஒரே தேதியில் நின்றது. அடுத்த அறையில் கடிகாரம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே காற்று, வழி மறந்த மாடு மாதிரி, சுவரை உரசி உரசிச் சுற்றி வந்தது.

அப்போது போன் அடித்தது. வெற்றிச்செல்விதான். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம். முழங்கால் அளவுதான், சத்தமே இல்லையாம். ஊருக்குப் போன நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லையாம். கண்ணை மூடினால் காது மட்டும் விழித்துக்கொண்டு எதையோ தேடுகிறதாம். அது என்னவென்று இன்று மத்தியானம்தான் புரிந்ததாம்.

அவன் ஈரப் பூச்சின்மேல் உள்ளங்கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“சிரிக்காதீங்க,” என்றாள். “போனை அந்த மேக்கு ஜன்னல்ல கொஞ்ச நேரம் வைங்களேன்.”