பாய்க்கு அடியில் யார் இருந்தார்கள்

காலையில் மசினாதான் முதலில் எழுவாள். கெட்டிலைப் போடுவாள். கொக்கோ கட்டியைத் துருவிக் கலக்குவாள். முந்தின நாள் ரொட்டியைச் சுடுவாள். நான் குளித்து வருவதற்குள் என் சட்டையும் அவளுடைய முதியோர் இல்லச் சீருடையும் இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கும். நின்றபடியே குடிப்போம். அவள் பஸ்ஸுக்கு நடப்பாள். நான் காரை எடுப்பேன்.

இதை எழுதித் தரச் சொன்னவர் எங்கள் வக்கீல் பிரிஜிட். செத்தவர் வீட்டில் என்னென்ன செய்தார் என்பதற்கும் இழப்பீட்டில் ஒரு பங்கு உண்டாம். பிரிஸ்பேனில், சமரசப் பேச்சு நடந்த அறையில், காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் பென்ரோஸ் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மிஸ்டர் லியோட்டா, இஸ்திரிய நீங்களே போட்டுக்கலாமே? சின்ன வயசுதானே. நாளைக்கு இன்னொரு கல்யாணம்கூட ஆகலாம்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

லோகனில், சிக்னல் கடவையில், சாமான் கொண்டுபோகும் கம்பெனியின் லாரி மசினாவை அடித்தது. போன் பேசிக்கொண்டே சாலையில் இறங்கினாள், பாதித் தவறு அவளுடையது என்பது அவர்கள் கட்சி. அதை ஒப்புக்கொள்ளும் ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் பணம் உடனே வரும். பணம் வேண்டாம் என்று சொல்ல நான் மகான் இல்லை. வாடகை இருக்கிறது. ஆனால் அந்த வரியில் என் பெயர் இருக்காது.

எதிரே லாரி டிப்போவின் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் மசினாவின் அம்மா, பலெபா அத்தை. வர வேண்டாம் என்று பிரிஜிட் சொல்லிப் பார்த்தார். "என் பொண்ணுக்கு வெல போடுறானுங்க, நான் வீட்டுல உக்காந்து பாட்டு கேக்கவா?" என்று கிளம்பிவிட்டார். பொரித்த மாவு உருண்டைகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து மேசை நடுவே வைத்திருந்தார். யாரும் தொடவில்லை.

"சாப்பிடுப்பா," என்றார் மேனேஜரிடம். "இதுக்கும் வக்கீல கேக்கணுமா?"

பென்ரோஸ் ஒரு வீடியோவை ஓட்டி மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் வீட்டு முற்றம். விடிந்தும் விடியாத வெளிச்சம். லாரி ஓட்டிய எங்கள் தீவுக்காரன் ஃபெரெட்டியும் அவன் அப்பாவும் அண்ணன்மாரும் புல்லில் மண்டியிட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் பெரிய பாய். இஃபோங்கா என்போம், எங்கள் தீவு வழக்கம். குற்றம் செய்தவன் குடும்பம் அப்படித்தான் வந்து கிடக்கும். வெட்டினாலும் வெட்டு, மன்னித்தாலும் மன்னி என்று. யாரோ சொந்தக்காரன் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான்.

படத்தில் எங்கள் குடும்பத் தலைவர், துவாலா மாமா, போய்ப் பாயைத் தூக்குகிறார். தூக்கினால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம். "முடிஞ்சுது. நமக்குள்ள இனிமே ஒண்ணும் இல்ல."

நான் படத்தில் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கினார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.

பென்ரோஸ் படத்தை நிறுத்தினார். "உங்க குடும்பமே முடிஞ்சுதுன்னு சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு இழுத்துக்கிட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"பாயத் தூக்குனப்ப அடியில யாரு இருந்தா?"

"டிரைவர். அவங்க வீட்டு ஆளுங்க."

"இந்த ஆளு இருந்தாரா?" மேனேஜரை நோக்கிக் கை நீண்டது. "நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்குக் கண்ணு மங்கல்."

"இல்ல..."

"அவர் முதலாளி? நீ? உன் கம்பெனி? மண்டி போட்டவனோட முடிஞ்சுது. போடாதவனோட எப்படிடா முடியும்?"

பென்ரோஸின் காது சிவந்தது. அத்தை விடவில்லை.

"மிச்சத்த ஓட்டு. அந்தப் பையன் பேசுறது வரும். அத ஏன் நிறுத்துன?"

"எங்களுக்கு வேண்டிய பகுதிய மட்டும்தான் மொழிபெயர்க்கச் சொன்னோம்."

"ஓட்டு. நான் பெயர்க்கிறேன். காசு வேண்டாம்."

படம் ஓடியது. ஃபெரெட்டி புல்லைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் எங்கள் மொழியில் சொல்லச் சொல்ல அத்தை ஆங்கிலத்தில் சொன்னார், மேனேஜர் முகத்தை மட்டும் பார்த்தபடி.

"சிவப்பப் பாத்தேன். அமுக்கினேன். பிரேக் பிடிக்கல. டிப்போவுல முன்னாடியே சொன்னேன். இன்னும் ஒரு நாள் ஓட்டுடான்னாங்க."

பிரிஜிட் என் பக்கம் திரும்பினார். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

பாய்க்கு அடியிலிருந்து ஒருவன் சொன்னதை வெளியே கொண்டுபோய்ப் பேசுவது எங்களில் இல்லை. அவன் வேலையும் போகும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

"நாங்க எடுத்துட்டு வரல," என்றார் அத்தை. "நீங்களே எடுத்துட்டு வந்து மேசையில வெச்சீங்க."

மேனேஜர் எழுந்தார். பென்ரோஸ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆனாலும் அந்த வரியை விடவில்லை.

"பிரேக்க அப்புறம் பாக்கலாம். அந்த நேரத்துல அவங்க போன்ல இருந்தாங்க. உங்களோடதான். பதிவு இருக்கு. பேச்சு சுவாரசியத்துல சிக்னலப் பாக்கல. இல்லன்னு சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப கடைசியா என்னதான் சொன்னாங்க?"

சாவு வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கர்த்தரைக் கூப்பிட்டாள் என்றார் போதகர். உன் பேரைத்தான் சொன்னாள் என்றாள் ஒரு சித்தி. பக்கத்தில் இருந்தவள்போல. எதையும் நான் மறுக்கவில்லை. எதையும் சொல்லவுமில்லை. அவள் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. அதையும் இந்த ஆள் முன்னால், இந்த மேசையில் வைக்க வேண்டியிருந்தது.

அத்தை என்னைப் பார்த்தார். அவரும் கேட்டதில்லை.

"கார் சர்வீஸ் பத்தி நான்தான் வளவளன்னு பேசிக்கிட்டிருந்தேன்," என்றேன். குரல் கத்தலாக வந்தது. குறைக்கவில்லை. "அவ பாதியில வெட்டினா. எழுதிக்குங்க. ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க. 'பச்ச விழுந்துருச்சு, போனைப் பையில போடறேன், அப்புறம் பேசு.'"