சம்பந்தியின் வெறுங்கால்

விடிந்தும் விடியாத நேரம். முதல் அடுக்கு ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, வேர்வை ஆறக் கடை வாசலில் வந்து நின்ற பேக்கரிக்காரர், தன் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி தெருவில் ஓடிப்போவதைப் பார்த்தார். அரைக்கால் சட்டை, நனைந்த பனியன், வெறுங்கால். கூப்பிடுவதற்குள் ஆள் தெருமுனை திரும்பிவிட்டார்.

வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுகிறார் என்றுதான் பேக்கரிக்காரருக்குத் தோன்றியது. போனில் மகனை எழுப்பினார். மகன் மனைவியை எழுப்பினான். அவள் தலை கால் புரியாமல் தாய்வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. ஓடப் போயிருக்காரு."

"ஓடிப் போயிட்டாரா? எங்க?"

"ஓடிப் போகலடி, ஓடப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. குளிக்க வெந்நீர் போட்டுக்கிட்டிருக்கேன்."

அந்தச் சம்பந்தி முப்பது வருடத்துக்கு மேல் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எல்லோருக்கும் லிஃப்ட்காரர். இரும்பு முனை வைத்த பூட்ஸோடு லிஃப்ட் குழிக்குள் இறங்குவதும், மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறுவதுமாகவே வேலைக்காலம் போயிற்று. ஓய்வு பெற்ற கையோடு முட்டி வலி வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார், வலியும் கூடவே நடந்தது. ஒருநாள் பூங்காவில் ஷூ கடித்த எரிச்சலில் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் நடந்தவருக்கு, கொஞ்சம் ஓடித்தான் பார்ப்போமே என்றிருந்தது. வெறுங்காலில் குதிகாலை ஓங்கி அடிக்க முடியவில்லை. பாதம் தானாகவே பூனை மாதிரி முன்பக்கமாக இறங்கியது. முட்டி வாயைத் திறக்கவில்லை.

கொப்புளம் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. அவர் அவசரப்படவில்லை. புல்லிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து நடைபாதைக்கும், கடைசியில் தார் ரோட்டுக்கும் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது ஊர் எல்லைப் பாலம் வரை போய்த் திரும்புகிறார். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு வேண்டாம் என்பார்கள் என்பது அவர் கட்சி. "உங்க காலு, உங்க ரோடு. அந்தக் காலோட மெத்தையில மட்டும் ஏறாதீங்க" என்பது மனைவியின் கட்சி.

சம்பந்திகளுக்குள் பேச்சு ஏற்கெனவே அளவாகத்தான் இருந்தது. கல்யாண விருந்துக்குப் பேக்கரிக்காரர் தன் கையாலேயே சுட்டுவந்த ரொட்டியை, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று லிஃப்ட்காரர் வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து, 'சௌக்கியமா', 'சௌக்கியம்' என்பதோடு சரி. அப்படிப்பட்ட பேக்கரிக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அட்டைப்பெட்டியோடு லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தார். உள்ளே புத்தம்புது ஷூ.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ஏதாவது கஷ்டம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே."

"என்ன கஷ்டம்?"

"கால்ல போட ஒண்ணும் இல்லாம ஓடுறீங்களே."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து காட்டினார். ஷூவும் செருப்பும் ஜோடி ஜோடியாக இருந்தன.

"இல்லாம இல்ல. பிடிச்சுத்தான் வெறுங்கால்ல ஓடுறேன்."

பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "உங்களுக்குப் பிடிச்சிருக்கு, சரி. பாக்குறவன் என்ன சொல்லுவான்? பேக்கரிக்காரன் சம்பந்திக்குப் புத்தி பிசகிடுச்சும்பான்."

"வீடு தேடி வந்து சம்பந்திக்குச் செருப்பு குடுக்குறீங்களே, அதைப் பாத்தா மட்டும் என்ன சொல்லுவான்?"

பெட்டி வந்த வழியே போயிற்று. டீ ஆறி ஆடை கட்டியது.

சில வாரங்கள் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் லிஃப்ட்காரர் பேக்கரியைத் தாண்டும்போது, தேங்கிய தண்ணீருக்குள் கிடந்த பாட்டில் துண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்தார். வாசலில் நின்ற பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் தோளைக் கொடுத்துத் தூக்கி, கடைக்குள் மாவு மூட்டை மேல் உட்காரவைத்தார். கையைக் கழுவினார், வெந்நீர் கொண்டுவந்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலை எடுத்து மடியில் வைத்தார்.

"விடுங்க சம்பந்தி. நீங்க போய் என் காலைத் தொட்டுக்கிட்டு…"

"சும்மா இருங்க. தினமும் மூட்டை மூட்டையா மாவு பிசையறவன், உங்க காலைப் பிடிச்சாத் தேய்ஞ்சா போயிடுவேன்?"

கண்ணாடித் துண்டு வந்தது. ரத்தமும் நின்றது. ஆனால் பேக்கரிக்காரர் காலை விடவில்லை. வெடித்துக் காய்த்துக் கிடக்கும் என்று நினைத்த பாதம், தடித்திருந்தாலும் வழுவழுவென்று இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தன் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெருங்கிப் பின்னிய விரல்கள், கறுத்த நகம், பாளம் பாளமான குதிகால்.

"என்ன சம்பந்தி இது, போடாதவர் காலு பளபளன்னு இருக்கு, போட்டவன் காலு பஞ்சத்துல அடிபட்டு நிக்குது!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் பேக்கரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு நீங்க ஓடினதைப் பாத்து நெஜமாவே பயந்துட்டேன். யாருக்கோ என்னமோன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும் கோவம் வந்துடுச்சு."

தனக்காகப் பதறிய மனிதரையா முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பினோம் என்று லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

காயம் ஆறியபின் பேக்கரிக்காரரும் வேலை முடிந்ததும் பூங்காவுக்கு வரத் தொடங்கினார். முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம் தூரம் ஓடிவிட்டுப் புல்லில் மல்லாந்தார். "போதும், இன்னைக்கு உலகத்தைச் சுத்தியாச்சு."

அந்த வருடம் ஊரில் நடந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு லிஃப்ட்காரர் பெயர் கொடுத்தார். மகள் பயந்தாள். "போகட்டும்மா, அவர் காலை நான் பாத்திருக்கேன்" என்று மாமனாரே அவளைத் தேற்றினார்.

ஓட்டத்தன்று வெயில் ஏறியதும் தார் சுடத் தொடங்கியது. லிஃப்ட்காரர் ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓடினார். அதில் சூடு குறைவு. இளவட்டங்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. தன் மூச்சும், பாதம் தரையில் பட்டு எழும் மெல்லிய சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசித் திருப்பத்தில் பேக்கரிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: "சம்பந்தி, இடது பக்கம் ஜல்லி கிடக்கு! வலது பக்கம் வாங்க!"

வந்து சேர்ந்தவரின் காலில் மகள் தண்ணீரை ஊற்றினாள். சொர்க்கம்.

திரும்பும்போது மகளும் மருமகனும் பைக்கில் முன்னால் போக, சம்பந்திகள் இருவரும் பஸ் ஏறினார்கள்.

"பக்கத்துல நின்னவன் கேட்டான், யாருங்க அந்த வெறுங்கால் கிழவர்னு."

"என்ன சொன்னீங்க?"

"எங்க சம்பந்தின்னேன். கிழவர்னு சொல்லாதேன்னும் சொன்னேன்."

கொஞ்ச நேரத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பியபோது, இறங்க வேண்டிய இடம் எங்கோ பின்னால் போயிருந்தது.

"திரும்பி ஓடிடலாமா சம்பந்தி?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஆளை விடுங்க" என்று பேக்கரிக்காரர் ஆட்டோவுக்குக் கை காட்டினார்.