பின்னால் கேட்ட பெயர்

ரத்தினவேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் சாய்த்து வைத்த போனில், போலீஸ் உடுப்பில் ஒருவன் ஒன்றரை மணி நேரமாக அவரை மிரட்டிக்கொண்டிருந்தான். அவருடைய ஆதாரைக் காட்டி யாரோ போதைப்பொருள் அனுப்பியிருக்கிறார்களாம். வீட்டை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, விசாரணை முடியும்வரை சேமிப்பு முழுவதையும் அவன் சொல்லும் கணக்குக்கு மாற்ற வேண்டும். முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மனைவி திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டு அன்புமொழி அக்கா, பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். எழுபத்தாறு வயது. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசற்படியில் நின்று இரண்டு நிமிடம் கேட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

கேமராவில் படாமல் மேசையோரம் வந்து, காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் காட்டினார்: 'ஏமாத்துறான். பணம் அனுப்பாதீங்க.'

ரத்தினவேலின் கை போனை அணைக்கப் போனது. அன்புமொழி தடுத்தார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னொரு வரி எழுதினார்: 'பேச்ச வளருங்க.'

"சார், அந்த அக்கவுண்ட் நம்பர இன்னொரு தடவ மெதுவாச் சொல்லுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றார் ரத்தினவேல்.

அவன் எரிச்சலோடு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அன்புமொழியின் பென்சில் ஓடியது. ஆனால் அவர் எழுதியது எண் அல்ல. 'அடைக்கலராஜ். கீரனூர். பஸ் டிரைவர்.' எழுதி முடித்ததும் தானே போனை அணைத்தார்.

"அக்கா, அரெஸ்ட் பண்ணிருவேன்னானே..."

"போன்ல யாரும் யாரையும் அரெஸ்ட் பண்ண முடியாது தம்பி. அவனுக்குப் பின்னால இன்னொருத்தன் பேரு, ஊரு, வேலையெல்லாம் வாசிச்சு வேற ஒருத்தருக்கு இதே கதையச் சொல்லிக்கிட்டிருக்கான். அங்கிட்டு ஒரு மனுசன் அழுகுறாரு. ஒங்களுக்குக் கேக்கலயா?"

ரத்தினவேலுக்கு மின்விசிறி இரைச்சல் மட்டுமே கேட்டிருந்தது.

அன்புமொழி ஓய்வூதியர் சங்கத்தின் கீரனூர் கிளைச் செயலாளர் வெற்றிசெல்வனை அழைத்தார். "ரிட்டயர்டு டிரைவர் அடைக்கலராஜ் வீட்டுக்கு ஒடனே போங்க. கதவு பூட்டியிருந்தா பேங்குக்குப் போங்க."

அந்த இடைவெளியில் ரத்தினவேல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் கொடுத்தார். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை நிறுத்தி வைத்தார். ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்க முடிக்க அவருக்கு மூச்சு சீரானது.

அரை மணி நேரம் கழித்து வெற்றிசெல்வன் கூப்பிட்டார். "பேங்க் வாசல்ல புடிச்சேன்க்கா. டெபாசிட் பத்திரம் கையில, அவன் லைன்ல, போன் சட்டப்பையில. இப்ப எல்லாத்தையும் அணைச்சாச்சு. இந்தா, பேசணுங்கிறாரு."

ஸ்பீக்கரில் ஒரு கனத்த மூச்சு. பிறகு ஒரு முதிய குரல்: "நான் யார்ட்டயும் சொல்லலயேம்மா. பெத்த மகள்கிட்டகூடச் சொல்லல. ஒங்களுக்கு எப்படி என் பேரு தெரிஞ்சுச்சு?"

"நீங்க அழுதது கேட்டுச்சுங்க," என்றார் அன்புமொழி. "வீட்டுக்குப் போயி மொதல்ல மகளுக்குப் போன் போடுங்க."

பத்து வருடமாகச் சுவருக்கு அந்தப்புறம் வாழ்ந்தவரை ரத்தினவேல் அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிடக் கை எழுந்தது. அன்புமொழி அதைக் கவனிக்கவில்லை. கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும், ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.