எஃப்ராயினுக்கு ஸ்பானிஷ் தெரியாது

எஃப்ராயின் மால்டொனாடோ கிஸ்ஸிம்மியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்தான். சேர்ந்ததுதான் கணக்கராக; பார்த்த வேலை வேறு. வாசலில் யாராவது ஸ்பானிஷ் பேசிக்கொண்டு வந்து நின்றால் போதும், "எஃப்ராயின், ஒரு நிமிஷம்" என்று குரல் வரும். அந்த ஒரு நிமிஷம் அவன் மதியச் சாப்பாட்டையும் விழுங்கிவிட்டுப் போகும். புயலில் கூரை பறந்தவர்கள், காரை இடித்துக்கொண்டவர்கள், வீட்டில் பேச ஆளில்லாமல் வந்தவர்கள், எல்லாரும் அவன் தலையில்தான். சீனியர் கணக்கர் பதவி காலியானபோது அது அவனுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவனுக்குப் போனது. மேனேஜர் தோளைத் தட்டி, "உன்னை உள்ள உட்கார வச்சிட்டா வாசல்ல யாரு பேசுறது?" என்றார். பாராட்டாம் அது.

சனிக்கிழமைகளில் சமூகக் கூடத்தில் நெரெய்தா கொலோன் என்ற அம்மாள் தீவிலிருந்து பிழைக்க வந்த, ஸ்பானிஷ் பேசும் நம்மவர்களுக்கு இலவசமாக வேலை ஆலோசனை சொல்வாள். காப்பியும் கொய்யா வைத்த பேஸ்ட்ரியும் பிரமாதமாக இருக்கும். ஆலோசனை மட்டும் எப்போதும் ஒன்றுதான்: இரண்டு மொழி தெரியும் என்பதை பயோடேட்டாவின் உச்சியில் கொட்டை எழுத்தில் போடுங்கள், கதவுகள் தானாகத் திறக்கும். எஃப்ராயின் போட்டான். கதவுகளும் திறந்தன. திறந்ததெல்லாம் வாசல் கதவு. எல்லா இடத்திலும் அவனை வாசலிலேயே உட்காரச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த வரியை அழித்தான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மனைவி குளோரிமார், "அப்படியே மூஞ்சியையும் அழிச்சிடேன்" என்றாள்.

ஒர்லாண்டோவில் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி அவனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. தலைமைக் கணக்கர் வேலை, தனி அறை. நிதிப் பிரிவின் தலைவர் ஃபிராங்க் ரிவர்ஸ் கண்ணாடிக்கு மேலே பார்த்து, உங்கள் பெயரைப் பார்த்தால் ஸ்பானிஷ் பேசுவீர்கள் போலிருக்கிறதே என்றார். எஃப்ராயின் தயாராக வந்திருந்தான். தெரியாது சார், அம்மா சொல்லிக் கொடுக்கவில்லை என்றான். நம் தீவில் போன்சே ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த அம்மா தலையில் பழி விழுந்தது.

அந்தச் சமயம் பார்த்து ரிவர்ஸின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குரலை அடக்கி, "பெந்திசியோன், மாமி" என்றார்.

நம் வீடுகளில் மாமி என்றால் அம்மா, அவளிடம் யாரும் ஹலோ சொல்வதில்லை. முதலில் பெந்திசியோன் என்று ஆசி கேட்க வேண்டும், அவள் கொடுக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் மற்ற பேச்சு. தலை நரைத்தாலும் இதிலிருந்து விடுதலை கிடையாது. ரிவர்ஸின் அம்மாவுக்குக் காது மந்தம் போலும், போனில் ஸ்பானிஷில் கத்தினாள். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். உன் தங்கச்சி புருஷன் அந்த வெள்ளைக்காரன் என்ன பண்ணான் தெரியுமா? சோத்துப் பானையில அடிப்பிடிச்சதை அழுக்குன்னு நெனச்சு சுரண்டிக் குப்பையில போட்டுட்டான். அதைத் திங்கத்தானடா நாங்க அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருந்தோம்!"

எஃப்ராயின் உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை, சிரித்துவிட்டான்.

ரிவர்ஸ் போனை வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எந்த ஊரு?" என்று ஸ்பானிஷில் கேட்டார்.

"போன்சே."

"நான் மயாகுவேஸ். ரிவேரான்னு இருந்தது, ரிவர்ஸ் ஆயிட்டேன். இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னிக்கும் கீழ கொத்தனார்களுக்கு மொழிபெயர்த்துக்கிட்டு நின்னிருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "உனக்கு ஸ்பானிஷ் தெரியாது தம்பி. எனக்கும் தெரியாது. திங்கக்கிழமை வந்துடு."

தனி அறை கிடைத்தது. யாரும் "ஒரு நிமிஷம்" என்று கூப்பிடவில்லை. கணக்கரைக் கணக்கராக நடத்தினார்கள். எஃப்ராயினுக்கு அது சொர்க்கமாக இருந்தது.

ஆனால் கொத்தனார்களிடம் பேச ஆள் வேண்டுமே. கம்பெனி டாட் என்பவனை எடுத்தது. நெப்ராஸ்காக்காரன், மாட்ரிட்டில் ஒரு வருஷம் படித்தவன். எஃப்ராயினை விடச் சம்பளம் அதிகம், பலமொழி உறவுகளின் இயக்குநர் என்று பதவிப் பெயர் வேறு. நெரெய்தா அம்மாள் அவனைச் சமூகக் கூடத்துக்கு அழைத்து மாலை போடாத குறையாகக் கொண்டாடினாள். அவள் சொன்னது பொய்யில்லை, இரண்டு மொழி தெரிந்தவனுக்குக் கதவு திறக்கத்தான் செய்கிறது.

டாட் நல்லவன், அதுதான் கஷ்டம். மால்டொனாடோ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவன் மொழி தெரியாமல் இருப்பதைப் பார்த்து அவனுக்கு மனசு ஆறவில்லை. புதன்கிழமை மதியங்களில் இலவச ஸ்பானிஷ் வகுப்பு ஆரம்பித்தான். மேலிடம் எல்லாரும் கட்டாயம் போக வேண்டும் என்றது. முதல் வரிசையில் ரிவர்ஸும் எஃப்ராயினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வணக்கம் சொல்லப் பழகினார்கள். 'சி' வரும் இடத்தில் மாட்ரிட்காரர்கள் மாதிரி 'த்தி' என்று வர நாக்கைப் பல்லுக்கு நடுவில் நீட்டச் சொன்னான் டாட். நீட்டினார்கள். எஃப்ராயின் சரியாக நீட்டவில்லை என்று இரண்டு தடவை திருத்தினான்.

மூன்றாவது புதன்கிழமை எஃப்ராயின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் கூப்பிடுகிறேன், ஆசி சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். வகுப்பு நடுவில் போன் அடித்தது. அவன் எழுந்து வெளியே போகப் பார்த்தான். டாட் திரையில் 'மாமி' என்றிருந்ததைப் பார்த்துவிட்டு வழியை மறித்தான்.

"அம்மாவா? இங்கயே பேசுங்க, ப்ளீஸ். கத்துக்கிட்டதைச் சொல்லிக் காட்டுங்க, எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

அறையே அவனைப் பார்த்தது. எடுக்காமல் விட்டால் அவள் அப்படியே உள்ளே போய்விடுவாள். வாய் திறந்து ஒழுங்காகப் பேசினால் அவனோடு, தெரிந்தே வேலைக்கு எடுத்த ரிவர்ஸும் மாட்டிக்கொள்வார், தனி அறை போய் வாசல் வரும். எஃப்ராயின் போனைக் காதில் வைத்தான். நாக்கைப் பல்லுக்கு நடுவில் நீட்டி, டாட் சொல்லிக் கொடுத்தபடியே, தடுக்கித் தடுக்கி, "பெந்தித்தியோன், மாமி" என்றான்.

டாட் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள்.

"யாருப்பா நீ? என் பையன்கிட்ட போனைக் குடு, சீக்கிரம். என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க."

ரிவர்ஸுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் பாடப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.