சருகுக்குக் கீழே தெரிந்த பாதம்

கரிமணல் குடாவில் ஒரு பாய்மரப் படகு வந்து நின்றிருக்கிறது என்ற செய்தி எட்டியபோது லெசெரே கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். துருவலை அப்படியே மூடி வைத்துவிட்டுக் குடில்களைக் கூட்டப் போனாள். பசிபிக் கடலின் அம்பிரிம் தீவில், வடகரையில் வந்து தங்குகிறவர்களுக்கு அவளும் அவள் புருஷன் பொங்கும் கட்டிய குடில்கள் அவை. வருகிறவர்கள் எரிமலை பார்ப்பார்கள், ரோம் என்கிற முகமூடி ஆட்டம் பார்ப்பார்கள், அவள் வாழையிலையில் பொதிந்து சுடுகல்லில் வேகவைக்கிற லாப்லாப்பைச் சாப்பிட்டு ஆகா என்பார்கள், போய்விடுவார்கள். இப்போது குடில்களை அவள் மட்டும்தான் பார்த்துக்கொண்டாள். காற்றுக்காலத்தில் மீனுக்குப் போன பொங் திரும்பவில்லை. அவனுடைய ஓடம் மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்து சேர்ந்தது.

ஊரார், பன்றி அடித்துச் செத்தவனை வழியனுப்பும் சாவு விருந்துக்கு நாள் குறிக்க வந்தார்கள். லெசெரே ஒப்பவில்லை. வழியில் போன சரக்குக் கப்பல் ஏதாவது அவனை ஏற்றிக்கொண்டு போயிருக்கும், எந்தத் துறைமுகத்திலோ மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான் என்றாள். பொங்கின் தம்பி மாசிங் இரண்டொரு தடவை வந்து பதமாகச் சொல்லிப் பார்த்தான். "உடம்ப காட்டு, அப்புறம் பன்னி அடிக்கலாம்" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். அதன்பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. ஆனால் விருந்து போடாத வீட்டை ஊர் ஒரு மாதிரிதான் பார்த்தது. அந்தி சாய்ந்தால் அவள் வாசல் வழியே யாரும் நடப்பதில்லை.

படகில் வந்தவள் மரியான் என்ற நடுவயதுப் பெண். கூட வந்த கணவன் கடல் ஒவ்வாமல் படகிலேயே படுத்துக் கிடந்தான். இந்தப் பக்கத் தீவுகளில் வருஷக்கணக்காகச் சுற்றியவளாதலால் பேச்சு மொழி அவளுக்கு நன்றாகவே வந்தது. மாசிங்தான் ஆட்டத்துக்குத் தலைவன். மறுநாள் உச்சி சாய்ந்ததும் ஆடுகிறோம் என்று சொல்லி அனுப்பினான்.

ரோமுக்குள் இருப்பது யார் என்று பெண்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. திடலுக்குப் பின்னால் வேலி மறைப்பில் ஆண்கள் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது ஆண்கள் இருக்கமாட்டார்கள். கூம்பு முகமூடியும் தலையிலிருந்து முழங்காலுக்குக் கீழே தொங்கும் வாழைச்சருகும்தான் வரும். அந்தச் சருகு ஒருவர் மேல் பட்டாலே குற்றம். உள்ளே இருப்பவனின் பேரை ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னால் அவள் குடும்பம் பன்றி கொடுத்துத்தான் மீள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் முகமூடியையும் சருகையும் எரித்துவிடுவார்கள். ஆட வந்த ஆவி அதற்குள்ளேயே தங்கிவிடக் கூடாதே.

ஆனாலும் புண்ணைக் கழுவிக் கட்டியவளுக்குப் பாதம் தெரியாதா? கல்யாணமான புதிதில் பொங் லாப்லாப் கல்லின் மேல் கால் வைத்துவிட்டான். வலது சுண்டுவிரல் வெந்து பக்கத்து விரலோடு ஒட்டிப்போனது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அவள் பெண்கள் பக்கம் நின்றுகொண்டு சருகுக்குக் கீழே அந்தப் பாதத்தைத் தேடுவாள். வீட்டுக்கு வந்ததும் அவன் ஒன்றும் அறியாதவன்போல ஆட்டம் எப்படி என்று கேட்பான். யாரோ ஒருத்தன் மாடு மாதிரி மிதித்தான் என்பாள் இவளும். அவன் சிரித்துக்கொண்டே போய் முகம் கழுவுவான்.

அன்றைக்கு எரிமலைப் புகை தாழ இறங்கியிருந்தது. வெயில் மங்கிச் செம்பு நிறத்தில் கிடந்தது. ஆளுயர மரப்பறைகள் முழங்க, முகமூடி போடாமல் மாசிங் முன்னால் பாட, ரோம்கள் வேலிக்குப் பின்னாலிருந்து வரிசையாக வந்தன. காய்ந்த சருகு தாளத்தோடு சளசளவென்றது. லெசெரே வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். எந்தப் பாதத்தையும் தேடவில்லை. தேட என்ன இருக்கிறது?

வரிசையின் கடைசியில் வந்ததற்குச் சத்தமில்லை. அதன் சருகு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மிதித்த இடத்திலெல்லாம் செம்மண் கருத்தது. அந்தக் கால்களில் கடற்கரையின் கரிமணல் அப்பியிருந்தது. வலது பாதத்தில் சுண்டுவிரல் அடுத்த விரலோடு ஒட்டியிருந்தது.

பறை ஒரு கணம் தடுமாறிப் பிடித்துக்கொண்டது. லெசெரே நிமிர்ந்து பார்க்கவில்லை. அது வரிசையை விட்டு விலகிப் பெண்கள் பக்கம் வந்தது. மற்றவர்கள் சருகு படாமல் பின்வாங்கினார்கள். அவளுக்குக் கால் நகரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பாதங்கள் நின்றன. சருகின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆழ்கடலின் குளிர் அவள் முழங்காலில் பட்டது. மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்கவில்லை. பிறகு பாதங்கள் திரும்பி வரிசைக்குப் போயின.

சாப்பாட்டு வேளையில் மரியான் அதைப் பற்றித்தான் பேசினாள். "கடைசியா ஆடினவர் கடல்ல குளிச்சிட்டு அப்படியே வந்துட்டாரா? என்னைத் தாண்டிப் போனப்ப ஜில்லுன்னு இருந்துச்சு."

"மழத்தண்ணியா இருக்கும்மா" என்றாள் லெசெரே. மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. மரியான் வானத்தைப் பார்த்தாள். குடிலில் தங்குவதாகச் சொல்லியிருந்தவள், கணவனுக்கு உடம்பு முடியவில்லை என்று இருட்டுமுன் படகுக்கே போய்விட்டாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் மாசிங் வந்தான். அடுப்படி வாசலில் குந்தினான். கையில் புகைக்கரி. அவள் லாப்லாப் துண்டு ஒன்றை இலையில் வைத்துத் தள்ளினாள். அவன் தொடவில்லை.

"அண்ணி, இன்னிக்கு எங்க நின்னீங்க?"

"எப்பவும் நிக்கிற எடத்துலதான்."

"கண்ணு எங்க இருந்துச்சு?"

"பொம்பள கண்ணு எங்க இருக்கணுமோ அங்க. தரையில."

அவன் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினான். "எல்லாத்தையும் எரிச்சோம்" என்றான். "ஒன்னு மட்டும் பொகஞ்சுக்கிட்டே கெடக்கு. பிடிக்க மாட்டேங்குது."

"அதெல்லாம் எங்கிட்ட சொல்லக் கூடாது மாசிங்."

"நான் என்னத்த சொன்னேன்? வெறகு ஈரம்னேன்."

அவனால் கேட்க முடியாது, அவளால் சொல்ல முடியாது. கேட்டாலும் சொன்னாலும் வழக்கம் உடையும். ஆனால் இந்தத் தீவில் அந்தப் பாதத்தை அறிந்த இருவர் அந்த அடுப்படியில்தான் இருந்தார்கள். இத்தனை நாளும் எந்தத் துறைமுகத்தில் பொங் மூட்டை தூக்குகிறான் என்று கற்பனை பண்ணியதெல்லாம் லெசெரேவுக்கு நினைவு வந்தது. நனைந்துகொண்டே நின்றிருக்கிறான். போக வழி விடாமல் நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். அழுகை வந்தது. மாசிங் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்கண்ணனுக்குப் பன்னி அடிச்சுடலாம்" என்றாள்.

"உடம்பு கேட்டீங்களே அண்ணி."

"கேட்டேன். இனிமே கேக்கல."

கோரைப்பல் வளைந்த பன்றியை மாசிங்கே கொண்டுவந்தான். கிழங்கு மலையாகக் குவிந்தது. விருந்தன்று காலையில் பெண்கள் வீடுகளின் பக்கம் திரும்பி, கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும் என்று சொல்லப்பட்டது. வேலி மறைப்பிலிருந்து ஆண்கள் ஏதோ எடுத்துக் கடலில் விடப் போகிறார்கள். என்னவென்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. லெசெரே எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பறை ஒரே சீராக ஒலித்தது. சற்று நேரத்தில் வீடுகளுக்கு நடுவே ஆண்கள் வருவது தெரிந்தது. மாசிங் முன்னால் வந்தான். எல்லோர் கையும் வெறுமையாக இருந்தது. எடுக்கப் போன இடத்தில் ஒன்றும் இல்லை, ஈரச் சாம்பல்கூட இல்லை என்று அவன் பெரியவர்களிடம் தாழ்ந்த குரலில் சொல்வது அவள் காதில் விழுந்தது. ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் அவள் கண்ணெதிரே நின்றிருந்தார்கள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் சருகு உரசியது.

காய்ந்த சருகு. தாளத்துக்குச் சரியாகச் சளசளவென்று, நிதானமாக, கரிமணலில் இறங்கிக் கடலை நோக்கிப் போனது. மாசிங்கின் கண்கள் அவள் தோளுக்கு மேலே எதையோ பின்தொடர்ந்து போவதை அவள் பார்த்தாள்.

லெசெரே திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவள் இரண்டு கையாலும் தரையைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.