இரண்டு கேபிளுக்கு ஒரே கட்டம்

சின்னவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவளுடைய அம்மா தயங்காமல், "டிரைவருங்களையெல்லாம் சோதிச்சுப் பார்த்து எழுதுறா" என்பாள். அதைக் கேட்ட எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் தன் வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், லைசன்ஸ் சீக்கிரம் வாங்கித் தர முடியுமா என்று விசாரிக்க.

சின்னவள் சோதித்தது வண்டி ஓட்டுகிறவர்களை அல்ல. எங்கெங்கோ இருக்கும் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து விட்டிருக்கும் கிளவுட் மென்பொருள் ஒன்றில் அவளுக்கு வேலை. தகவல்களைக் கொண்டுபோய்ச் சேமிக்க அதற்குப் பெட்டிகள் வேண்டும். பெட்டிகளை விற்கிற கம்பெனிகள் பல. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பாஷை. நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குப் புரியவைக்கும் சின்ன நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். எந்த டிரைவரால் எது முடியும், எது முடியாது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு வைப்பது அவள் பொறுப்பு. முடிந்தால் டிக், முடியாவிட்டால் பெருக்கல் குறி. மழுப்பலுக்கு இடமே கிடையாது.

வம்பு, அக்கா வீட்டுக்காரர் உருவத்தில் வந்தது. அத்தான் ஒரு பெட்டிக் கம்பெனியில் இருந்தார். அந்தக் கம்பெனியின் டிரைவரை எழுதியதே அவர்தான்.

ஒரு காலை, பஸ் டிக்கெட் விற்கும் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் புகார் அனுப்பியிருந்தார். பெட்டியில் அவருக்கு ஒதுக்கிய டிஸ்க் நிரம்பி வழியும் நிலை. 'ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதே என்று நம்பிப் பெரிதாக்கினாராம். டிஸ்க் அப்படியே உறைந்துவிட்டது. தளமும் படுத்துவிட்டது. பயணிகள் அவரை வறுத்தெடுத்துவிட்டார்கள்.

எந்தப் பெட்டி என்று பார்த்தாள். அத்தானுடையது. அந்த டிக்கும் அத்தான் சொன்னதை நம்பி அவள் போட்டதுதான்.

ஆனாலும் சின்னவள் டிக்கை எடுத்துவிட்டுப் பெருக்கல் போட்டு, மற்றவர்களின் ஒப்புதலுக்கு அனுப்பினாள். அந்த மென்பொருளில் திரைமறைவு எதுவும் இல்லை. யார் எதை மாற்றினாலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். காபி ஆறுவதற்குள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"என்னடி, உங்க அத்தானை ஃபெயில் ஆக்கிட்டியாமே?"

"ஃபெயில் எல்லாம் இல்லக்கா. ஒரே ஒரு கட்டத்துலதான் பெருக்கல்."

"மனுஷன் குளிக்கக்கூடப் போகாம கம்ப்யூட்டரை முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. சொந்தக்காரங்கன்னு ஒரு இது வேண்டாமா?"

"அந்த இது இருந்ததாலதான்கா இவ்வளவும்."

போன் கை மாறியது. "இங்க பாரும்மா," என்றார் அத்தான், "நேத்துகூட ஓடுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"அவருக்கு ஓடலையே அத்தான்."

"அவரு என்னத்தைப் பண்ணி வச்சாரோ! பழி மட்டும் என் தலையிலயா? நீ நேர்ல வா, ஓட்டிக் காட்டுறேன். ஓடலைன்னா என் கையாலயே பெருக்கல் போடுறேன்."

மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போனாள். பெட்டிகள் வைத்திருந்த அறையில் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. விசிறிகளின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவ்வளவு கோபத்திலும் அத்தான் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அது அவளுக்குத் தொளதொளவென்று முழங்கால் வரை வந்தது.

அத்தான் டிஸ்க்கில் இடைவிடாமல் எழுதும் சோதனை ஒன்றை ஓடவிட்டார். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கும் கட்டளையைக் கொடுத்தார். டிஸ்க் பெரிதாயிற்று. வரிகள் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"என்னம்மா, இப்ப என்ன சொல்ற?"

சின்னவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊரறியப் பெருக்கல் போட்டாயிற்றே! மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவளின் கண், பெட்டியின் பின்பக்கம் போயிற்று. நீலநிற நெட்வொர்க் கேபிள் ஒன்று செருகியிருந்தது. பக்கத்தில் வேறு மாதிரி துளைகள், ரப்பர் மூடி போட்டபடி.

"இது எதுக்கு அத்தான்?"

"அது ஃபைபர் வழி. வெளிச்சத்துல தகவல் போகும். விலை ஜாஸ்தி, அதிகம் பேர் வாங்க மாட்டாங்க."

அவள் போனில் புகாரைத் திறந்து மறுபடி படித்தாள். "பஸ் டிக்கெட்காரர் ஃபைபர்லதான் இணைச்சிருக்காரு."

அத்தான் டிராயரைக் குடைந்து ஃபைபர் கேபிள் ஒன்றை எடுத்துச் செருகினார். அதே சோதனை, அதே கட்டளை. திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று நின்றன.

"கொஞ்சம் பொறு, வரும்," என்றார். பொறுத்தார்கள். வரவில்லை.

அத்தான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இந்த வழியில நான் சோதிச்சதே இல்லம்மா. ஒண்ணு ஓடுனா இன்னொண்ணும் ஓடும்னு நினைச்சுட்டேன்."

"நான் மட்டும் என்னவாம்? ரெண்டு வழிக்கும் சேர்த்து ஒரே கட்டம் வச்சிருக்கேன். அதுல டிக் போட்டாலும் பொய், பெருக்கல் போட்டாலும் பொய்."

அத்தான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கேயே உட்கார்ந்து அட்டவணையில் அவர் டிரைவரின் வரியை இரண்டாகப் பிரித்தார்கள். நெட்வொர்க் வழிக்கு டிக். ஃபைபர் வழிக்கான பெருக்கல் குறியை, சொன்னபடி, அத்தானே தட்டினார். மற்ற டிரைவர்களுக்கும் இப்படியே பிரிக்க வேண்டும் என்று சின்னவள் குழுவுக்கு எழுதினாள். அட்டவணை ரயில் மாதிரி நீளும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். சோதித்துப் பார்த்த இரண்டொருவர் சத்தமில்லாமல் தங்கள் டிக்கையும் மாற்றிக்கொண்டார்கள்.

தன் கம்பெனியின் விற்பனை மேனேஜர் என்ன சொல்வாரோ என்று அத்தானுக்கு உதறல். மாலையில் அத்தான் சிரித்துக்கொண்டே சின்னவளுக்குப் போன் செய்தார்.

"'மத்தவங்களுக்கெல்லாம் ஒரு வரி, நமக்கு மட்டும் ரெண்டா? சபாஷ்!'ங்கிறாரு மனுஷன்."

"பெருக்கல் குறியைக் கவனிக்கலையா?"

"நான்தான் காட்டுனேன். முகம் சுருங்கிப்போச்சு. அப்புறம், ஆக வேண்டியதைப் பாருங்கன்னு சொல்லிட்டாரு."

அத்தான் ஆக வேண்டியதைப் பார்த்தார். டிஸ்க் வளர்ந்த சேதியை ஃபைபர் வழிக்குச் சொல்லவே டிரைவர் மறந்திருந்தது. அதைச் சரிசெய்து அனுப்பினார். பஸ் டிக்கெட்காரர் தன்னிடம் சும்மா கிடந்த பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அருமையாக ஓடுகிறது என்று எழுதினார். அதன் பிறகே சின்னவள் டிக் போட்டாள். யாருக்கு நன்றி சொல்வது என்று அவர் கேட்க, அத்தானின் முகவரியைக் கொடுத்தாள்.

அவர் அனுப்பிய மெயிலை அத்தான் அக்காவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாராம். மூன்றாவது தடவை தொண்டையைச் செருமியபோது, அக்கா துவைத்த துணி மொத்தத்தையும் அவர் மடியில் கொட்டி, மடித்துக்கொண்டே வாசிக்கச் சொல்லிவிட்டாளாம்.